சித்தி கேட்ட கேள்விகள்

கரண்ட் போனால் எங்கள் தெருவில் குழந்தைகள் விழித்துக்கொள்வார்கள். சங்கரன்கோவிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். வீட்டுக்கு வீடு பின்கட்டில் விசைத்தறி ஓடிய காலம் அது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய பிள்ளைகளுக்குத் தறி ஓடும்வரை நிம்மதி, நின்றால்தான் தொந்தரவு. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைப் பகலில் அப்படித்தான் தெருவின் தறிகள் எல்லாம் ஒரே நொடியில் ஓய்ந்தன. எதிர்வீட்டில் ஒரு குழந்தை வீறிட்டது. தொடர்ந்து பக்கத்து வீட்டில் இன்னொன்று. எங்கள் வீட்டுக் கூடத்தில் சேலைத் தொட்டிலில் கிடந்த தம்பி மட்டும் அசையவில்லை. அம்மா அவனைப் பார்த்து, தொல்லையே தராத பிள்ளை என்று பெருமையாகச் சொன்னாள். சித்தி தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி, அழுகிற வீடுகளின் பக்கமும் தூங்குகிற பிள்ளையின் பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பயந்த முகம் என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு கணக்கு எங்கோ இடிக்கிறது என்று கண்டுகொண்டவளின் முகம்.

தம்பி என்று நான் சொல்வது சித்தியின் மகனை. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தார்கள். சித்தி வாசுதேவநல்லூர்க்காரி. குளத்துப் பாசனமும் நெல்லும் தெரிந்த குடும்பத்திலிருந்து தறிவீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். கேள்வி கேட்பதை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. வந்த புதிதில் தறி முன்னால் நின்று, நூலோடு குறுக்கே ஓடுகிற இந்த நாடா அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டாளாம். சித்தப்பா சிரித்துவிட்டு, தறியை நிறுத்தி, நாடாவை அடித்துத் தள்ளும் பாகத்தைத் திறந்து காட்டினாராம். அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்த பிரியத்தை நான் அந்தக் கதையிலிருந்துதான் புரிந்துகொண்டேன்.

கரண்ட் போன அன்றிலிருந்து சித்தி தம்பியைக் கவனிக்கத் தொடங்கினாள். வீட்டில் சொல்லிப் பார்த்தாள், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. சித்தப்பா வாசலில் காலடி வைத்தாலே அவன் திரும்பிப் பார்ப்பான். கதவை அறைந்து சாத்தினால் திடுக்கிடுவான். காது கேளாத பிள்ளை இப்படித் திரும்புமா என்று அம்மா கேட்டாள். சித்தி அதற்காகத் தன் கேள்வியை விட்டுவிடவில்லை.

அவளுக்குத் துணையாக நான் சேர்ந்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். பள்ளி விட்டு வந்ததும், "ஏட்டி, அந்தத் தாம்பாளத்த எடுத்துட்டு வா," என்பாள். தம்பிக்குப் பின்னால் நின்று நான் தாம்பாளத்தைக் கீழே போட வேண்டும். அவன் தரையில் இருந்தால் சட்டென்று திரும்பினான். தொட்டிலில் இருந்தால் திரும்பவில்லை. சித்தியின் இடுப்பில் இருந்தாலும் இல்லை. எனக்குக் குழப்பமாக இருந்தது. ஒரே பிள்ளைக்கு ஓரிடத்தில் காது கேட்டு இன்னோரிடத்தில் கேட்காமல் போகுமா? சித்தி அவனைக் கட்டிலில் மெத்தைமேல் உட்கார வைத்து மறுபடி போடச் சொன்னாள். அவன் விரலைச் சப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தான். அவள் தரையில் உட்கார்ந்து, சிமெண்டுத் தளத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இப்பப் போடு," என்றாள். போட்டேன். கையை எடுக்காமலே சொன்னாள்:

"அவனுக்குக் காது சொல்லலட்டி. தரைதான் சொல்லுது."

அன்று மாலை சித்தப்பாவைத் தறியிலிருந்து கூப்பிட்டு முற்றத்தில் நிற்க வைத்தாள். பிள்ளையைத் தான் இடுப்பில் வைத்துக்கொண்டு, தாம்பாளத்தையும் கரண்டியையும் அவர் கையில் கொடுத்தாள். வேறு யார் அடித்தாலும் அவர் நம்பமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் முதலில் மெதுவாகத் தட்டினார். பிறகு பலமாக. பிறகு பிள்ளையின் பிடரிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் ஓங்கி ஓங்கி அடித்தார். தெருவில் இருந்தவர்கள் என்னவோ ஏதோவென்று வாசலுக்கு வந்துவிட்டார்கள். தம்பி என் சடையில் இருந்த சிவப்பு ரிப்பனை எட்டிப் பிடிப்பதிலேயே குறியாக இருந்தான். கரண்டி நின்றது. சித்தப்பா தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றதும், பின்கட்டுக்குப் போனதும், உடனே தறி ஓடத் தொடங்கியதும் நினைவில் இருக்கிறது.

அதன் பிறகு எல்லோரும் செய்வதையெல்லாம் நாங்களும் செய்தோம். கோவிலில் புற்றுமண் வாங்கி வந்து காதுமடலில் பூசினோம். கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டோம். திருநெல்வேலியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, பிறவியிலேயே கேட்கும் நரம்பு வேலை செய்யவில்லை, மருந்தால் ஆகாது, பாளையங்கோட்டையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஐந்து வயதில் விடுதியில் சேர்க்கலாம் என்றார். விடுதி என்ற சொல்லைக் கேட்டதும் சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். தான் உயிரோடு இருக்கும்போது தன் பிள்ளை யாரோ போடும் சோற்றைத் தின்ன வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. சித்தியும் அப்போது அதே கட்சிதான். ஆனால் அந்தப் பள்ளியில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை. அதைத் தான் கற்றுக்கொண்டு வந்தால் விடுதிக்கே தேவையில்லை என்று சித்தப்பாவிடம் சொன்னாள். பாளையங்கோட்டையில் இருந்த தூரத்து உறவினர் வீட்டில் தங்கி, பள்ளியில் அனுமதி கேட்டு, ஒரு வாரம்போல வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள்.

திரும்பி வந்தபின் எங்கள் வீட்டுக் கூடம் வகுப்பாகிவிட்டது. உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு 'ப' சொன்னால் காகிதம் ஆடும். மூக்கில் விரல் வைத்து 'ம' சொன்னால் விரல் அதிரும். தம்பியின் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு சித்தி பேசுவாள்; பிறகு அதே கையை அவன் தொண்டையில் வைப்பாள். இப்படியே மாதங்கள் போயின. ஒருநாள் உடைந்த குரலில் "ம்மா" என்று வந்தது. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, காகிதத்தைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனாலும் சித்தப்பா அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டு அல்வா வாங்கி வந்தார். கொஞ்ச நாளில் "பா", "பாப்பா", "பால்" என்று நான்கைந்து சொற்கள் சேர்ந்தன. நானும் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.

அவனுக்கு ஐந்து வயது ஆகிற சமயத்தில், அந்தப் பள்ளி டீச்சரிடம் அவனைக் காட்டிவிட்டு வர வேண்டுமென்று சித்திக்கு ஆசை வந்தது. ஊர்க் கோவிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எங்கள் பள்ளிக்கு விடுமுறை என்பதால் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டாள். ஊருக்கே கூட்டம் வருகிற நாளில் ஊரைவிட்டுப் போகிறவர்கள் உண்டா என்று அம்மா சடைத்துக்கொண்டாள். இன்றைக்குத்தான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்றாள் சித்தி. அது உண்மைதான். எதிரே வந்த பஸ்களில் எல்லாம் ஆட்கள் படியில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பஸ் காலியாகப் போயிற்று.

டீச்சர் நடுவயதுப் பெண்மணி. தம்பி தன் சொற்களை ஒன்றும் விடாமல் சொல்லிக்காட்டினான். வீட்டிலிருந்தே இவ்வளவு செய்த தாயைத் தான் பார்த்ததில்லை என்று அவர் சொன்னபோது சித்தியின் முகம் சிவந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து இடைவேளை விட்டார்கள். பிள்ளைகள் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். நான் அதுவரை அப்படியொரு விளையாட்டு மைதானத்தைப் பார்த்ததில்லை. ஓட்டமும் சிரிப்பும் சண்டையும் எல்லா மைதானத்தையும் போலத்தான். ஆனால் பேச்சு முழுவதும் கைகளில் இருந்தது. தம்பி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி பார்த்தான். பெரிய பிள்ளை ஒருத்தி அவனிடம் வந்து, அவன் கன்னத்து மச்சத்தைத் தன் விரலால் தொட்டு, அதே விரலால் தன் கன்னத்தையும் தொட்டு, மற்றவர்களைப் பார்த்துக் காட்டினாள். உடனே எல்லோரும் கன்னத்தைத் தொட்டார்கள். அதுதான் அவனுக்கு அங்கே பெயர் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. தூணை விட்டான்.

சித்தி டீச்சரிடம் கேட்டாள்: "என்ன பேசிக்கிடுதாங்க?"

"கையால அவங்களா உண்டாக்கிக்கிட்ட பேச்சும்மா. நாங்க வகுப்புல சொல்லிக் குடுக்கறதில்ல. பாதி எங்களுக்கே புரியாது."

கிளம்புகிற நேரத்தில் அவன் வர மறுத்தான். சித்தி அவன் முன்னால் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே வாயைத் திறந்து, கற்றுக்கொடுத்தபடியெல்லாம் கூப்பிட்டாள். அவன் ஒருமுறை பார்த்துவிட்டு மரத்தடிக்கே திரும்பிக்கொண்டான். தூக்கிக்கொண்டுதான் வந்தோம். பஸ்ஸில் அவன் அழவில்லை. சித்தியின் மடியில் நின்றுகொண்டு, கைகளால் எதையோ திரும்பத் திரும்பச் செய்து காட்டினான். ஒரு கை மேலே போகும், விரல்கள் விரியும், பிறகு நெஞ்சுக்கு வரும். சித்தி அவன் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்தாள். அவன் உதறினான். அதற்கு முன் அவன் அப்படி உதறியதில்லை. மறுபடியும் அதே விரல்கள், அதே நெஞ்சு. பனவடலிசத்திரம் வரும்வரை அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்னமோ சொல்லுதான். எனக்குத்தான் வெளங்கல. அவனுக்குக் காதுல கொறைன்னா, எனக்கு எதுலட்டி கொறை?"

பின்னாளில் என் மகள் பதினாறு வயதில் கதவைச் சாத்திக்கொண்டு என்னோடு பேசாமல் இருந்த மாதங்களில் இந்தக் கேள்வி எத்தனையோ முறை என்னிடம் வந்திருக்கிறது. பிள்ளை பேசவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நமக்குத்தான் விளங்கவில்லையோ என்று நினைத்துப் பார்ப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டியிருக்கிறது. எட்டாவது படித்த ஒருத்திக்கு, ஓடுகிற பஸ்ஸில், இருபத்தேழு இருபத்தெட்டு வயதில் அது எப்படி வந்தது என்று நான் இன்னமும் யோசிக்கிறேன்.

வீடு வந்ததும் அவனை விடுதியில் சேர்க்கப்போவதாகச் சித்தி சொன்னாள். சித்தப்பாவுக்கு நம்ப முடியவில்லை. நன்றாகப் பேச வந்துகொண்டிருக்கிற பிள்ளையை இப்போது போய் ஏன் தள்ள வேண்டும் என்றார். வீட்டில் அவன் வாயால் வருவது நாலு சொல், அங்கே அரைநாளில் கையால் எத்தனையோ பேசினான் என்று அவள் சொன்னாள். அவர் கேட்பதாக இல்லை. அவரிடம் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. தகப்பன் வீடு போதவில்லை என்று அவருக்குக் கேட்டிருக்கும். பல நாள் இருவருக்கும் பேச்சில்லை. கடைசியில் சித்தி அவரிடம் சொன்னது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"நீங்க ஒரு தடவ அந்த மரத்தடில அவன வந்து பாருங்க. பாத்துட்டு நீங்க வேண்டாம்னு சொன்னா நான் வாயத் தொறக்கல."

அவர் அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஜூனில் தகரப்பெட்டி வாங்கி, தானே தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

விட்டுவிட்டு வந்த நாளைப் பற்றிச் சித்தி சொல்லித்தான் தெரியும். பிள்ளை பார்க்காத நேரத்தில் போய்விடுங்கள், அதுதான் நல்லது என்று அங்கே சொன்னார்களாம். அவள் சம்மதிக்கவில்லை. அவன் முன்னால் போய் நின்றாள். போய்விட்டுத் திரும்ப வருவேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு வழியும் தெரியவில்லை. வாசலைக் காட்டினாள், தன்னைக் காட்டினாள், மறுபடி அவனைக் காட்டினாள். அவன் தலையை ஆட்டினான். என்ன விளங்கி ஆட்டினான் என்று தெரியாமலேயே பஸ் ஏறினாள். லீவுக்கு வரும்போதெல்லாம் அவன் ஓடிவந்து கட்டிக்கொள்வான். ஆனாலும் அந்தத் தலையாட்டல் அவளை வருஷக்கணக்காக உறுத்திக்கொண்டிருந்தது. அதைக் கேட்பதற்கான மொழியும் அவளிடம் இல்லை.

தம்பி படித்து முடித்துக் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் சேர்ந்தான். கூடப் படித்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான். அந்த மருமகள்தான் சித்திக்குக் கைப்பேச்சைச் சொல்லிக் கொடுத்தவள். அடுப்படியில் நின்றுகொண்டே உப்பு, புளி, போதும், இன்னும் என்று தொடங்கியதாம். ஐம்பது வயதுக்குமேல் சித்தியின் விரல்கள் மடங்க மறுத்தன. மருமகள் பிடித்து மடக்கிவிடுவாள். சித்தப்பா கடைசிவரை நாலைந்து சைகைகளோடு சமாளித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தி செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு மகனோடு கையால் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சத்தமில்லாத, படுவேகமான சண்டை. எதற்கு என்று கேட்டேன். பேத்தியைக் காலேஜ் விடுதியில் சேர்க்கமாட்டேன் என்கிறானாம். சித்தி சிரித்துவிட்டு, அவர்களுக்குள் முழுசாகப் பேச வந்த பிறகு முதன்முதலில் அவனிடம் என்ன கேட்டாள் என்று சொன்னாள். அன்றைக்குத் தான் விட்டுவிட்டு வந்தபோது அவன் என்ன நினைத்தான் என்பதைத்தான் கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னான் சித்தி?"

"அம்மாவுக்கு நம்மள மாதிரிப் பேசத் தெரியல, அவளையும் எங்கயோ ஒரு பள்ளிக்கூடத்துல போட்டிருக்காங்க, படிச்சதும் வந்துருவான்னு நெனச்சானாம்."

செல்போனில் தம்பி இன்னும் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தான். சித்தி அவன் பக்கம் திரும்பி, கொஞ்சம் பொறு என்று கையால் சொன்னாள்.

"படிச்சு வர எனக்குத்தான் கொஞ்சம் நாளாயிட்டு," என்றாள்.