எடித் அக்கா கழுவித் தந்த மரவள்ளித் தடி

வங்காலையில் எடித் அக்காவின் மரவள்ளியைப் போல மாப்பிடிப்பான கிழங்கு வேறு யாரிடமும் இல்லை. பின்னேரம் சந்தியில் அவித்த கிழங்கும் சம்பலும் வைத்தாரென்றால் பஸ்காரன்கூட நிறுத்தி வாங்குவான். அவருடைய பிழைப்பும் அதுதான், பெருமையும் அதுதான்.

நடுவதற்குத் தடி கேட்டால் அக்கா இல்லையென்று சொன்னதே கிடையாது. அப்படிச் சொல்லிப் பாவம் தேடுகிற ஆளா அவர்! "ஓம் பிள்ளை, இருங்கோ, மண்ணைக் கழுவிக்கொண்டு வாறன்" என்று குசினிக்குள் போவார். ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து தருவார். நானும் மாரிக்கு மாரி நட்டுப் பார்த்தேன். ஒரு கணுவாவது முளைக்கவேண்டுமே! "எல்லாருக்கும் கைராசி இருக்காதுதானே" என்று அக்கா எனக்காக வேறு கவலைப்பட்டார்.

என் பக்கத்து வீட்டு றெபேக்காதான் ஒருநாள் அந்தத் தடியின் அடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். தோல் வெந்து கழன்று வந்தது. குசினி அடுப்பில் சுடுதண்ணீரில் வைத்தெடுத்த தடி! கோயிலில் முன்வாங்கில் முழந்தாளிடுகிற மனுசி செய்கிற வேலையா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. றெபேக்காவோ அடுத்த ஞாயிறு, அக்கா பூசையில் பாடிக்கொண்டிருந்த நேரம் அவருடைய வளவுக்குள் புகுந்து தடி வெட்டிவந்து தன் மேட்டுக்காணியில் நட்டாள். காடாக வளர்ந்தது.

போன மாரியில் வெள்ளம் வடியாமல் நின்றது. அக்காவின் பள்ளக்காணியில் கிழங்கும் தடியும் ஒன்றாக அழுகின. சந்தியில் அடுப்பு எரியவில்லை. வேறு வழியில்லாமல் றெபேக்காவிடம் வந்தார்.

"இது என்ர மரவள்ளி இனம் மாதிரிக் கிடக்கு, பிள்ளை."

"ஓம் அக்கா, உங்கட கைராசிதான்" என்ற றெபேக்கா, ஒரு கட்டுத் தடி வெட்டினாள். "இருங்கோ, மண்ணைக் கழுவிக்கொண்டு வாறன்" என்று குசினிக்குள் போனாள்.

அக்காவின் முகம் கறுத்துப்போனது. வாங்கிய கட்டு முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுபோய் அப்படியே ஆட்டுக்குப் போட்டாராம்.

அந்த ஞாயிறு பாடகர் குழுவில் அக்காவைக் காணவில்லை என்றார்கள். எப்படிக் காண்பது? கத்தியோடு றெபேக்காவின் வளவுக்குள் அல்லவா நின்றார்! றெபேக்காவும் நானும் பூசைக்குப் போகாமல் குசினி வாசலில் காத்திருந்தோம். அக்காவின் கை வெட்டிய தடியோடு அப்படியே நின்றுவிட்டது.

"வெட்டினதைக் கொண்டுபோங்கோ அக்கா" என்றாள் றெபேக்கா. "அண்டைக்கு நான் தந்த கட்டும் பச்சைத்தண்ணியில கழுவினதுதான். சுடுதண்ணி உங்கட வீட்டுப் பழக்கம்."