கம்பிக்கு இந்தப் பக்கம்

டிராவல்ஸ் ஆபீசில் அவருக்குப் பெயர் கண்ணாடி. மூக்குக் கண்ணாடி போடுகிறவர் அல்ல. மலைப்பாதையில் எங்கே வண்டியை நிறுத்தினாலும், பயணிகள் இறங்கிக் காட்சி பார்க்க ஓடுவார்கள். இவர் சீட்டுக்கு அடியிலிருந்து மஞ்சள் துணியை உருவி முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அழுக்கு இருந்தால்தான் துடைக்கவேண்டும் என்று சட்டமா என்ன? மழை கழுவிவிட்டுப் போன கண்ணாடியையும் துடைப்பார். முதலாளி புது டிரைவர்களைக் கூப்பிட்டு, "அவரைப் பாத்துக் கத்துக்கங்கப்பா, வண்டியப் புள்ள மாதிரி வச்சிருக்காரு" என்பார். கண்ணாடி தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று முதலாளி நினைத்துக்கொள்வார்.

அடக்கமாவது மண்ணாவது. அவருக்கு உயரம் என்றால் உயிரே போய்விடும்.

ஸ்டீயரிங் கையில் இருக்கும்வரை ஒன்றுமில்லை. கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்தாலும் வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தபடியே ஒடித்துத் திருப்பிவிடுவார். ஆனால் வண்டியை விட்டு இறங்கி, ஓரத்துக் கம்பித் தடுப்பைப் பார்த்து நாலடி வைத்தால் போதும், முழங்கால் இரண்டும் கழன்றுவிடும். முதல் சவாரியிலேயே இது நடந்தது. அன்றைக்குத் திரும்பி ஓடி வந்தவர் கைக்கு அகப்பட்டது அந்தத் துணி. அதற்குப் பிறகு கம்பிப் பக்கமே போனதில்லை. மலைக்கு வண்டி ஓட்டுகிறவனுக்கு மலையைக் கண்டால் பயம் என்று வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடாதா?

இதில் வேடிக்கை என்னவென்றால், காட்சிகளைப் பற்றிப் பேச அவரை விட்டால் ஆள் கிடையாது. "அடுத்த வளைவுல இறங்கிப் பாருங்க சார், ஏரி அப்படியே தட்டுல ஊத்தி வச்ச மாதிரி இருக்கும்" என்பார். பயணிகள் இறங்கிப் பார்த்துவிட்டு, "அப்படியேதாங்க இருக்கு!" என்று வியந்துபோவார்கள். எல்லாம் முன்னால் வந்த பயணிகள் பேசிக்கொண்டதுதான். பின்சீட்டில் கேட்ட சரக்கை அடுத்த சவாரிக்கு முன்சீட்டிலிருந்து விற்றுவந்தார்.

அதே சரக்கைத்தான் வீட்டிலும் விற்றார். அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். முன்னறையில் தையல் மெஷினும், கழுத்துப்பட்டி வைக்காத வெள்ளைச் சட்டைகளின் குவியலும், நடந்தால் காலில் ஒட்டும் நூல் துணுக்குகளுமாக இருக்கும். அவர் சவாரி முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், அந்த அம்மாள் மெஷினை மிதித்துக்கொண்டே, "இன்னிக்கு மேல என்ன தெரிஞ்சுது?" என்று கேட்பார். இவர் ஆரம்பிப்பார். ஏரி நடுவில் கட்டிப் போட்ட சிவப்புப் படகு. மொட்டைப்பாறையிலிருந்து பார்த்தால் ஏழு மலை ஒன்றின் பின்னால் ஒன்று. கடைசியில் நீலமாகத் தெரிவது மலையா மேகமா என்று சொல்ல முடியாது. அந்த அம்மாள் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்பார். இவருக்கும் சொல்லச் சொல்லத் தானே பார்த்த மாதிரி ஆகிவிடும். பொய் என்று தோன்றியதே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் வந்தது வினை. மலை மேலுள்ள ஓய்வு விடுதியிலிருந்து மறுநாள் காலை ஒரு குடும்பத்தை இறக்கிக் கூட்டிவர வேண்டும். முதல் நாளே காலி வண்டியாக மேலே போகவேண்டும். முதலாளி நல்ல மனதோடு, "வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, டிரைவர் ரூம்லயே தங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற டிரைவர்களும் கை தட்டினார்கள். கண்ணாடிக்கு முகம் வெளிறியது.

அம்மாள் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். "எல்லா இடத்துலயும் நிறுத்தணும். நீங்க சொன்னதையெல்லாம் நீங்களே காட்டணும்" என்றார்.

முதல் நிறுத்தம் அருவி. அது சாலையோரத்தில், தலைக்கு மேலே உயரத்திலிருந்து விழுகிறது. அண்ணாந்து பார்ப்பதில் அவருக்குச் சிரமமில்லை. பக்கத்தில் நின்று கைநீட்டிக் காட்டினார், கைக்குட்டையை நனைத்து முகம் துடைத்துக்கொண்டார், ஒரு சிரிப்புகூட வந்தது. இப்படியே போனால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தார்.

இரண்டாவது, ஏரி வளைவு. இங்கே கீழே பார்க்கவேண்டும். "நீ போய்ப் பாரு, நான் கண்ணாடியத் தொடச்சிட்டு வந்துடறேன்" என்று துணியை எடுத்தார். அம்மாள் போனார். கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "படகக் காணோமே?" என்றார்.

பக்கத்தில் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்தது. சும்மா இருக்கக்கூடாதா? "செவப்புப் படகா? அது முழுகிப் போயி எத்தனையோ வருஷமாச்சுங்களே. இன்னுமா அதக் கேக்கறீங்க?"

போன வாரம்கூட அந்தப் படகைப் பற்றிச் சொல்லியிருந்தார் கண்ணாடி. அதன்மேல் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்ததாகக் கொக்கையும் சேர்த்திருந்தார். காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. அம்மாள் கதிரை வாங்கிக்கொண்டு, பாதியை ஒடித்து அவர் கையில் கொடுத்து, "வண்டிய எடுங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. இத்தனை வருஷம் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாளே, இனி என்ன சொன்னாலும் நம்புவாளா? வழியெல்லாம் பாட்டு வரவில்லை.

மூன்றாவது, மொட்டைப்பாறை. எல்லாவற்றிலும் உயரம். போய்ச் சேர்வதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நின்றன, ஓரமாக அவருக்குத் தெரிந்த டிரைவர்கள் சிலர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பிப் பக்கமிருந்து ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? ஒரு மண்ணும் தெரியல." கண்ணாடிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. துணியை எடுத்தார்.

அம்மாள் போய்ப் பார்த்துவிட்டு உடனே திரும்பி வந்தார். துணியை அவர் கையிலிருந்து வாங்கி பானட்டின் மேல் போட்டார். காதோரம் குனிந்து, "ஒண்ணுமே தெரியல. கீழ எல்லாம் சுவர் மாதிரி வெள்ளையா இருக்கு. இப்ப வாங்க" என்றார்.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "எனக்குப் பயம்னு உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மாடியில தண்ணித் தொட்டி கழுவறப்பல்லாம் நான் மேல, நீங்க கீழ ஏணியப் புடிச்சுக்கிட்டு. அதுவும் கண்ண மூடிக்கிட்டு. எனக்கென்ன கண்ணு பொட்டையா?"

"பின்ன ஏன் தெனமும் கேட்ட?"

"நல்லாச் சொன்னீங்க. கேட்டேன்."

அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அம்மாள் நடந்தார். நாலடி, ஐந்தடி. முழங்கால் ஆடியது, ஆனால் கழன்றுவிடவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். சில்லென்று ஈரமாக இருந்தது. இத்தனை வருஷம் கூட்டிவந்தவர்கள் எல்லாரும் பிடித்த கம்பி. எதிரே வெள்ளை, கீழே வெள்ளை. பக்கத்தில் நல்ல புடவை கட்டிய மனைவி.

அப்புறம் காற்று திரும்பியது. காலுக்குக் கீழே எங்கேயோ பச்சையாக ஒரு துண்டு தெரிந்தது. அவர் விரல் இறுகுவதை அம்மாள் பார்த்துவிட்டார். "போதும். நீங்க வண்டிக்குப் போங்க, நான் பாத்துச் சொல்றேன்." அவர் விறுவிறுவென்று நடந்து வந்து, பானட்டில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு, மலைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அதற்குள் பனிமூட்டம் கலைந்துவிட்டது. அம்மாள் கம்பியை விட்டு நகராமல், திரும்பிப் பார்க்காமல், அங்கிருந்தே சொல்ல ஆரம்பித்தார். "ஏங்க, ஏழு இல்லீங்க, அஞ்சு மலைதான். மூணாவதுல பாதி மரத்த வெட்டிட்டாங்க, மொட்டையா இருக்கு. கீழ ஒரு வீட்டுக் கொல்லையில துணி காயப் போட்டிருக்காங்க..." கூட்டம் திரும்பிப் பார்த்தது. டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் கிளாசைக் கையில் வைத்தபடி அந்த அம்மாளையும் பார்த்தார்கள், இவரையும் பார்த்தார்கள். ஒருவர் மெல்லச் சிரித்துவிட்டு, "என்னண்ணே, நீங்க பாக்கலியா?" என்றார்.

கண்ணாடி துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பயம்ப்பா" என்றார். பிறகு தலையைத் திருப்பாமலே குரலை உயர்த்தினார்.

"காத்துல பாதி போயிடுது. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு."