வீட்டுக்கே பத்தியம்

எங்கள் வீட்டில் தினமும் மாத்திரை விழுங்குகிறவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேருக்கு வால் உண்டு. எனக்கு ரத்த அழுத்தம், கணவருக்குக் கொலஸ்ட்ரால், பெரியவளுக்குச் சிறுநீரகம், தடியனுக்கு மூட்டு வலி. காலையில் சாப்பாட்டு மேசையில் டப்பாக்களை எடுத்து வைக்கும்போதெல்லாம், குன்னூர் பஜாரில் கம்பளி நூல் விற்பதற்குப் பதிலாக நான் ஒரு மருந்துக்கடை போட்டிருக்கலாம் என்று தோன்றும்.

பெரியவளும் தடியனும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். கணவர் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்த காலம் அது. ஃபாக்டரியின் விறகுக் கொட்டகையில் தாய்ப்பூனை விட்டுப்போன குட்டிகளைப் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் ஸ்வெட்டருக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ரெண்டே நாள், அப்புறம் வெளியே விட்டுவிட வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், கணவர் ரிட்டையர் ஆகி குன்னூருக்குக் குடிவந்தாயிற்று, அந்த ரெண்டு நாள் மட்டும் இன்னும் முடியவில்லை.

இரண்டுக்கும் வயதாகிவிட்டது என்பதை நாங்கள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. தடியன் கட்டிலில் தாவ முடியாமல் கீழே உட்கார்ந்து எங்களைத் திட்ட ஆரம்பித்தபோது, கணவர் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து இரண்டு படி செய்து வைத்தார். அதில் அவன் மாப்பிள்ளை மேடை ஏறுவதுபோல நிதானமாக ஏறுவான். பல்லெல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றே ஒன்று பாக்கி. அதைக் காட்டித்தான் பக்கத்துத் தோட்டத்து நாயை மிரட்டுகிறான்.

பெரியவள் கதை வேறு. அவள் சத்தமில்லாமல் இளைத்தாள். பக்கெட், குடம், பூச்செடித் தட்டு என்று கண்ட இடத்தில் தண்ணீர் குடித்தாள். குன்னூரிலேயே பெட்ஃபோர்டு பக்கம் இருக்கும் கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, சிறுநீரகம் பாதிக்குமேல் களைத்துவிட்டது, பழையபடி ஆக்க முடியாது, ஆனால் பார்த்துக்கொண்டால் நல்லபடியாக இருப்பாள் என்றார். உப்பு ஆகாது. கருவாட்டை மறந்துவிட வேண்டும். வெங்காயம், பூண்டு எந்த வயதுப் பூனைக்கும் விஷம். உடம்புக்குப் போதாத தண்ணீரை ஊசி வழியாகத் தோலுக்கு அடியில் ஏற்ற வேண்டும், அதை வீட்டிலேயே செய்யலாம்.

ஊசி என்றாலே கணவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். ஆகவே குத்துகிறவள் நான், கொஞ்சுகிறவர் அவர். மலைக் குளிரில் சலைன் பாட்டில் ஐஸ் மாதிரி இருக்கும். அதைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டு வெதுவெதுப்பாக்கி ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவோம். அவர் பெரியவளை மடியில் வைத்து, எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் கேட்டே இராத வார்த்தைகளையெல்லாம் அவள் காதில் சொல்வார். அவள் பொறுத்துக்கொள்வாள். எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

இங்கே கணவர் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்கள் குடும்பத்தில் ஒருவருக்குப் பத்தியம் என்றால் வீட்டுக்கே பத்தியம். பத்தியக்காரர் மூக்கில் தாளிப்பு வாசம் ஏறினால் மனசு ஏங்கும், ஏங்கினால் மருந்து பிடிக்காது என்பது அவர்கள் சித்தாந்தம். மகள் பிறந்து நான் படுத்திருந்தபோது, என் மாமனார் முதற்கொண்டு அத்தனை பேரும் எனக்குக் கொடுத்த பூண்டுக் குழம்பையே சாப்பிட்டார்கள். பிரசவம் எனக்கா மாமனாருக்கா என்று என் அம்மா கேட்டுச் சிரித்தாள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வீட்டை நான் மனசார என் வீடென்று நினைக்க ஆரம்பித்தது அந்தப் பூண்டுக் குழம்பில்தான்.

ஆனால் மனுஷிக்குச் செய்ததைப் பூனைக்கும் செய்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ரிட்டையர் ஆனதிலிருந்து காலைச் சமையல் அவருடையது. டாக்டரம்மாவைப் பார்த்த மறுநாள் தட்டில் ஒரு உப்புமா வந்தது. கடுகு இல்லை, மிளகாய் இல்லை, வாயில் வைத்தால் உப்பும் இல்லை. உப்பு ஜாடியைக் கேட்டேன். ஜாடியும் அஞ்சறைப்பெட்டியும் பரண்மேல் ஏறிவிட்டன என்று தெரிந்தது.

"ஏனுங்க, பத்தியம் பூனைக்குங்க" என்றேன்.

"பூனைன்னா ஏக்கம் இருக்காதா புள்ள?" என்றார், உப்புமாவை முழுங்க முடியாமல் முழுங்கிக்கொண்டே. உன் பிரஷருக்கும் நல்லதுதானே என்று ஒரு ஊசியும் போட்டார்.

நான் உப்பும் உறைப்பும் இல்லாமல் உயிர் வாழாத பிறவி. என் அம்மா வீட்டில் ரசத்தில் மிளகு குறைந்தால் சண்டை நடக்கும். இருந்தாலும் அந்த மனிதர் முகத்தைப் பார்த்து என்னால் சண்டை போட முடியவில்லை. சரி, ரெண்டு நாளில் அலுத்துவிடும் என்று விட்டுவிட்டேன். ரெண்டு நாள் கணக்கில் நான் எப்போதுமே தோற்கிறவள்.

எங்கள் சமையலறை ஆஸ்பத்திரி வார்டு போல ஆனது. குக்கரில் குழைந்த சோறு, வெந்த காய், வெறும் பருப்புத் தண்ணீர். பெரியவளுக்கு உப்பில்லாமல் வேகவைத்துப் பிய்த்துப் போட்ட கோழி. அவளுக்கென்று டாக்டரம்மா எழுதிக்கொடுத்த டின் உணவை மகள் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பியிருந்தாள். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பர்லியாருக்கு மேலே மண் சரிந்து ரோடு அடைபட்டதில் அது அடிவாரத்திலேயே உட்கார்ந்துகொண்டது. ஆக, கோழிதான் கதி.

பெரியவள் முதலில் கொஞ்சம் தின்றாள். அப்புறம் நக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். அப்புறம் தட்டுப் பக்கமே வரவில்லை. துணி அலமாரியின் கீழ்த்தட்டில், என் பழைய சால்வைகளுக்கு நடுவே சுருண்டுகொண்டாள். தடியன் அவள் பங்கையும் சேர்த்துத் தின்று இன்னும் தடித்தான். டாக்டரம்மா குமட்டலுக்கு ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு, பூனை பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடும் என்றார். நாளைக்குள் தானாக வாய் வைக்காவிட்டால் குழாய் வழியாகத்தான் சாப்பாடு, அதற்குக் கோயம்புத்தூர் கொண்டுபோக வேண்டும். நேர் ரோடோ அடைபட்டிருந்தது. சுற்றிக்கொண்டு கோத்தகிரி வழியாக இறங்கினால் அந்த வளைவுகளை அவள் உடம்பு தாங்குமா தெரியவில்லை.

அன்று கணவர் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கோழித் துண்டை விரலில் வைத்து நீட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் எந்தப் பிராணிதான் சாப்பிடும் என்று அவரைக் கடிந்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.

மறுநாள் காலையிலும் அவள் வாய் வைக்கவில்லை. கடையில் உட்கார்ந்தாலும் கம்பளி நூலின் நிறம் எனக்குக் கண்ணில் படவில்லை. பச்சை கேட்டவருக்கு நீலத்தை எடுத்துக் கொடுத்தேன். எதிரே டீக்கடையில் மிளகாய் பஜ்ஜி போட்டார்கள். அந்தக் குளிரில், அத்தனை நாள் பத்தியத்துக்குப் பிறகு, அந்த வாசத்துக்கு முன்னால் என் கற்பு நிற்கவில்லை. போனேன், தின்றேன், இன்னொன்றும் தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாயால் என்று டீக்கடைக்காரர் நினைத்திருப்பார். அதற்குமேல் இருப்புக்கொள்ளாமல் கடையைச் சாத்திவிட்டு மதியமே வீட்டுக்கு வந்தேன்.

நேரே அலமாரிக்குப் போய்ப் பெரியவளின் தலையைத் தடவக் கையை நீட்டினேன். அவள் தலையைத் தூக்கினாள். என் விரலை முகர்ந்தாள். ஒவ்வொரு விரலாக முகர்ந்தாள். முன்னங்காலால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து இன்னொரு தரம் முகர்ந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரும் குனிந்து முகர்ந்தார். கையும் களவுமாக மாட்டினேன்.

"பஜ்ஜியா புள்ள?" என்று கேட்டார். துரோகத்துக்கு ஆளானவரின் வலி அந்தக் குரலில் இருந்ததை வார்த்தையில் எழுத முடியாது. பதிலுக்கு நான் அவர் சட்டையில் ஒட்டியிருந்த வர்க்கி பிஸ்கட் தூளைக் காட்டினேன். அவரும் மார்க்கெட் பக்கம் போய் உப்பு வர்க்கியை டீயில் முக்கித் தின்றுவிட்டுத்தான் வந்திருக்கிறார். அத்தனை வருத்தத்திலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது பெரியவள் இன்னும் என் கையை விடாமல் முகர்ந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

"ஏனுங்க, இவ மோந்து பாக்கறாளுங்க. சோத்துத் தட்டக்கூட மோந்து பாக்காதவ."

எஸ்டேட் குவார்ட்டர்ஸ் காலத்திலிருந்தே அவளுக்குச் சாப்பாட்டு நேரம் தெரிவது கடிகாரத்தால் அல்ல. நான் வாணலியில் கடுகு போட்டால் அவள் எங்கிருந்தாலும் வந்து அடுப்படியில் உட்காருவாள். சாம்பாரும் ரசமும் எங்களுக்கு, அவளுக்கு அவள் தட்டு. ஆனாலும் அந்தச் சத்தமும் வாசமும்தான் அவளைப் பந்திக்குக் கூப்பிடும். நாங்கள் அந்தக் கூப்பாட்டையே நிறுத்திவிட்டோம். அவள் ஏங்கக்கூடாது என்று வீட்டையே வாசமில்லாமல் ஆக்கி, இன்றைக்குச் சமையலே இல்லை என்று அவளை நம்ப வைத்திருக்கிறோம்.

கணவரே ஸ்டூல் போட்டு ஏறி அஞ்சறைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார். நான் அரிசிம்பருப்பு சாதத்துக்கு அரிசியையும் துவரம்பருப்பையும் களைந்தேன். எங்கள் ஊரில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், பெரியவர்களுக்கு மனசு சரியில்லை என்றாலும் அதுதான் சமையல். தேங்காயெண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டேன். படபடவென்று வெடித்தது. சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, தட்டிப் போட்ட பூண்டு, சின்ன வெங்காயம். எத்தனையோ நாளாகச் செத்துக் கிடந்த அடுப்படிக்கு உயிர் வந்தது. தும்மல் வந்தது, அந்தத் தும்மல்கூட இனித்தது.

கணவர் கோழியைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து ஆவி பறக்கச் சூடாக்கிக்கொண்டு நின்றார். நாங்கள் இரண்டு பேரும் வாசற்படியைப் பார்த்தோம்.

முதலில் வந்தது தடியன். அவன் வருவான், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அவனுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, நின்று நின்று, எலும்பு தெரிய ஒரு உருவம் வந்தது. நேரே அடுப்படிக்கு வந்து, தன் பழைய இடத்தில் உட்கார்ந்து, என்னை அண்ணாந்து பார்த்தாள். ஏன் இத்தனை லேட் என்று கேட்கிற பார்வை.

கணவர் மெல்லத் தட்டை வைத்தார். குனிந்தாள். முகர்ந்தாள். ஒரு துண்டை எடுத்தாள், அடுத்ததையும் எடுத்தாள்.

"திங்கறா புள்ள" என்றார் அவர். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். வாணலியில் வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது, எரிந்தால் எரியட்டும் என்று விட்டுவிட்டு அவள் தின்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். வயதான பூனைகளுக்கு மூக்கு மந்தமாகும், வாசம் இல்லாத ஆறின சாப்பாட்டைத் தொடமாட்டார்கள் என்றார். குமட்டல் மாத்திரையும் வேலை செய்திருக்கும் என்று அதற்கும் ஒரு பங்கு கேட்டார். தாராளமாகக் கொடுத்தேன். அன்றைக்கு யார் என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

கருகின வெங்காயத்தை வழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் தாளித்தேன். இந்த மலை உயரத்தில் குக்கருக்குச் சமவெளியில் விடுவதைவிட ஒரு விசில் அதிகம் விட வேண்டும். அந்தக் கடைசி விசில்வரை காத்திருக்க எங்கள் இருவருக்கும் பொறுமை இல்லை. நெய் ஊற்றி, தயிரும் ஊறுகாயும் வைத்து, மேசையை விட்டுவிட்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். கணவர் மூன்றாம் தடவை போட்டுக்கொண்டார். கொலஸ்ட்ராலைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. டின் உணவு ரோடு திறந்ததும் வந்து சேர்ந்தது. அது தடியனுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பெரியவள் குணமாகவில்லை, ஆகவும் மாட்டாள், அது எங்களுக்குத் தெரியும். சலைன் பாட்டில் இன்னும் ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது. சில வேளை நன்றாகத் தின்கிறாள், சில வேளை பேருக்குக் கொறிக்கிறாள். ஆனால் வழக்கத்தைக் கணவர் மாற்றிவிட்டார். தாளிக்க ஒன்றுமில்லாத நாளில்கூட மோருக்காவது கடுகு தாளிக்கிறார். அவள் வந்து உட்கார்ந்ததும் அவளுக்குச் சூடாக அவள் தட்டு, எங்களுக்கு எங்கள் தட்டு. லீவில் மகள் வந்தபோது, பசியில் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனவளின் கையைக் கணவர் பிடித்து நிறுத்தினார். மகள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் பெரியவளைக் காட்டினேன். மூன்று பேரும் பிசைந்த கையோடு காத்திருந்தோம். அவள் முதல் வாய் எடுத்தாள். அப்புறம் நாங்கள் சாப்பிட்டோம்.