வாளிச் சத்தம்

பிரம்மநாயகம் யாரையும் நம்பமாட்டார். பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். தாராவியில் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால்கூட, என்ன காரியம் ஆகவேண்டும் இவனுக்கு என்று யோசிப்பார். "சந்தேகப்படலேன்னா ஒங்களுக்குச் சோறு செமிக்காது" என்பாள் மனைவி செண்பகவல்லி. இப்படிப்பட்டவருக்கென்றே ஒரு வேலை அமைந்தது. மீன்களை வேவு பார்க்கும் வேலை.

செம்பூருக்கு அப்பால் ஒரு மீன்குஞ்சுப் பண்ணை. அங்கே வளர்ந்த கொடுவாக் குஞ்சுகளில் நாற்பதின் வயிற்றில், ஒலி எழுப்பும் சின்ன டேக்கை வைத்துத் தைத்து உப்பங்கழியில் விட்டார்கள். தினமும் படகில் போய், தண்ணீருக்குள் மைக்கை இறக்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்த மீன் எங்கே இருக்கிறது என்று குறித்து வரவேண்டும். நான்கு மாதம் அவரே இரை போட்டு வளர்த்த குஞ்சுகள். டிசம்பருக்குள் பாதிக்கு மேல் தொலைந்தால் திட்டத்தையே மூடிவிடுவார்கள் என்று பொறுப்பாளர் ருக்சானா மேடம் சொல்லியிருந்தார். மூடினால் கான்ட்ராக்ட் ஆளான இவருக்கும் வேலை போய்விடும்.

மூன்றே வாரத்தில் பதினான்கு மீன்களின் சத்தம் நின்றுபோனது. இன்னும் ஒன்பது, கழி முழுக்க இடம் இருந்தும், மூங்கில் நட்டு வந்தனா கட்டியிருந்த வலைக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. வந்தனா, கோலி என்ற மும்பை மீனவச் சமூகத்துப் பெண். பிரம்மநாயகம் சந்தேகப்பட அது போதும்.

"அந்தப் பொம்பள தண்ணியில ஏதோ மருந்து போடுதா. நம்ம ஆபீஸ்லயே எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்."

"அவகிட்டயே போய்க் கேளுங்களேன். எங்கிட்ட வந்து எதுக்குக் கத்துதீய?" என்றாள் செண்பகவல்லி.

கேட்கவில்லை. அலையாத்திச் செடிகளுக்குப் பின்னால் படகை நிறுத்தி நான்கு நாள் ஒளிந்து பார்த்தார். ஐந்தாம் நாள் வந்தனாவே ஹிந்தியில் கத்திக் கூப்பிட்டாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் எதையும் மறைக்கவில்லை. வயிற்றில் தையல் போட்ட குஞ்சுகள் வலையில் விழுந்தது உண்மை, விற்றதும் உண்மை.

"நான் கூப்பிடலை. அதுங்களா வருது."

சொல்லிக்கொண்டே, ஒட்டியிருந்த இறால் தலைகளைத் தண்ணீரில் உதற, வாளி விளிம்பை டங் டங் டங் என்று மூன்று தட்டு தட்டினாள்.

ஹெட்போனில் சத்தம் பெருத்தது. ஒன்று, இரண்டு என்று ஒன்பதும் நெருங்கி வந்தன.

பிரம்மநாயகம் ஹெட்போனைக் கழற்றினார். அந்தத் தட்டு அவருடையது. பண்ணையில் காலையும் மாலையும் எவர்சில்வர் வாளியை மூன்று தட்டு தட்டிவிட்டுத்தான் இரை போடுவார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. குஞ்சுகள் முட்டி மோதிக்கொண்டு ஓடி வருவதைப் பார்க்க ஓர் ஆசை. அவரை நம்பி ஓடி வந்த ஜீவன்கள் இந்த உலகத்தில் அவை மட்டும்தான்.

"இருபது வருஷமா தட்டறேன்" என்றாள் வந்தனா. "உன் மீன்தான் போன மாசம் வந்துச்சு."

பழியை வந்தனா தலையில் போட்டிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அன்றைக்கே ருக்சானா மேடத்திடம் போய், தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டார். மேடம் அவருடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு, தொட்டியில் இருக்கும் அடுத்த குஞ்சுகளுக்கு அந்தப் பழக்கத்தை மறக்கடித்தால் திட்டமும் பிழைக்கும், நீயும் பிழைப்பாய் என்றார். வந்தனாவும் அலுத்துக்கொண்டே, இனி வாளியைத் தட்டாமல் கழுவிக்கொள்வதாகச் சொன்னாள்.

மறுநாள் காலை பண்ணைத் தொட்டியருகே பிரம்மநாயகம் வாளியை மூன்று தட்டு தட்டினார். குஞ்சுகள் ஓடி வந்தன. இரைக்குப் பதிலாகக் கைவலையை விட்டு அவற்றை விரட்டி விரட்டி அலைக்கழித்தார். மாலையிலும் அதேதான். எட்டாம் நாள் தட்டியபோது ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் தொட்டியின் தூரத்து மூலையில், தரையோடு தரையாக ஒண்டிக் கிடந்தன. மேடம் கைதட்டினார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் பிரம்மநாயகத்துக்கு அழுகை வந்தது.

"மீனு வரலியா?" என்று கேட்டாள் செண்பகவல்லி, சோற்றைப் போட்டுக்கொண்டே.

"வரல. என் சத்தம் கேட்டாலே ஓடுது."

"ஒங்க வளப்புல்லா. பெறகு எப்படி இருக்கும்?"