அரையிறுதி அன்று காலையில் சொன்னது

அரையிறுதி நடந்த அன்று காலையில், டெக்சாஸில் நாங்கள் தங்கியிருந்த ஹோட்டலின் மீட்டிங் அறைக்குப் பெற்றோர்களை மட்டும் கூப்பிட்டார், என் மகன் படித்த கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர். அணி முதல்முறையாகத் தேசிய சாம்பியன்ஷிப்புக்கு வந்திருக்கிறது, பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த முறுக்கு டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

இந்த சீசனோடு ஆண்கள் வாலிபால் அணியை மூடுகிறோம் என்றார். கடினமான முடிவு என்று மூன்று முறை சொன்னார். பையன்கள் தெளிவான மனதோடு ஆட வேண்டும், அதனால் போட்டி முடியும்வரை அவர்களிடம் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஓர் அப்பா நன்றிகூடச் சொன்னார்.

எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஜனவரியில்."

"நான்கு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் வேறு கல்லூரிக்கு முயற்சி செய்திருப்பார்களே?"

"இந்த ஒரு சீசனாவது அவர்களுக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தோம்." பிறந்தநாள் பரிசு கொடுப்பவர்போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லிஃப்டில் கணவரிடம், "இப்பவே போய் அவன்கிட்ட சொல்லப்போறேன்" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? சொன்னா அவன் எப்படி ஆடுவான்? ரெண்டு நாள் வாய மூடிட்டு இரு."

"அவங்க பண்ண திருட்டுத்தனத்த நாம எதுக்குங்க மறைக்கணும்?"

"மேட்ச் முடியட்டும்னு சொல்றேன்ல."

நான் சொல்லவில்லை. அவன் ஆட்டம் கெட்டுவிடுமோ என்று எனக்கும் பயமாக இருந்தது.

ஐந்தாவது செட்வரை போய் ஜெயித்தார்கள். விளையாட்டுத் துறைத் தலைவர் கோர்ட்டுக்குள் இறங்கி ஒவ்வொரு பையனையும் கட்டிப்பிடித்து, நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். என் மகன் வியர்வையோடு படியேறி ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினான். "அம்மா, நெக்ஸ்ட் இயர் எவ்ரிபடி இஸ் கமிங் பேக்!" என்று கத்தினான். நான்கு வருடப் படிப்பில் அவனுக்கு அது மூன்றாவது வருடம். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து இறுதிப் போட்டியில் தோற்றார்கள். உடை மாற்றும் அறையிலேயே பயிற்சியாளர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். வெளியே வந்தவன் அழவில்லை. நேராக என்னிடம் வந்தான்.

"டிட் யூ நோ?"

"தெரியும்டா கண்ணா."

"சின்ஸ் வென்?"

"செமி ஃபைனல் அன்னிக்குக் காலைலேர்ந்து."

"அண்ட் யூ லெட் மீ சே ஆல் தட்?" அடுத்த வருடத்தைப் பற்றி அவன் கத்தியதைத்தான் சொன்னான். அவ்வளவுதான். விமானத்தில் சீட்டை மாற்றிக்கொண்டு வேறு வரிசையில் போய் உட்கார்ந்தான்.

"நல்லாத்தானே ஆடினான்? அப்பவே சொல்லியிருந்தா ஃபைனலுக்கே வந்திருக்க மாட்டாங்க" என்று என் கணவர் வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் தோசைக்கரண்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வீசிவிட்டு, "இன்னொரு தடவ அதச் சொன்னீங்கன்னா பாருங்க" என்றேன். கல்லூரிக்கு நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்துக்கு, உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அவனே அலைந்து திரிந்து நியூ ஜெர்சியில் ஒரு கல்லூரிக்கு மாறினான். சில பாடங்களைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. முதல் இரண்டு மாதம் நான் கூப்பிட்டால் எடுக்கவே மாட்டான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான்.

"கோச் எப்படிடா?" என்றேன்.

"ஹீ இஸ் ஓகே." ஆங்கிலத்திலேயே மேலும் சொன்னான்: சேருவதற்கு முன்பே அவரிடம் ஒன்று கேட்டுவிட்டானாம். அணியை மூடுவதாக இருந்தால் முதலில் எங்களிடம் சொல்வீர்களா, எங்கள் அப்பா அம்மாவிடம் இல்லாமல் எங்களிடம்?

சொல்கிறேன் என்றாராம். இருபத்தொரு வயதுப் பையன் ஒரு கல்லூரியில் சேரும்போது கேட்கிற கேள்வியா அது?