ஒரே டிக்கெட்டில் இரண்டு மாமாக்கள்

நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் பாரிஸிலிருந்து சென்னைக்கு எந்த மாதம், எந்தக் கிழமை, எந்த ஊரில் இறங்கி ஏறினால் டிக்கெட் மலிவு என்று புதுச்சேரி முத்தியால்பேட்டையில் யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன். எல்லாம் அக்காவால் வந்தது.

அக்கா கல்யாணமாகி பிரான்ஸுக்குப் போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமாவுடையது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அவருடைய அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மாமாவுக்குப் பாரிஸை ஒட்டிய ஓர் ஊரில் தபால் பிரிக்கும் வேலை. பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தபோது ஜூலை, ஆகஸ்ட் லீவில்தான் ஊருக்கு வர முடியும். அந்த இரண்டு மாதமும் டிக்கெட் யானை விலை. நாலு பேருக்கு நாலு டிக்கெட் என்றால் மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அவர்களால் வர முடிந்தது.

மாமா டிக்கெட் எடுப்பது எப்போதும் ஒரே ஏஜென்ட்டிடம். பாரிஸில் நம்மவர்கள் மளிகை வாங்கும் தெருவில் ஒரு மாடிக் கடை. போனால் டீ கொடுப்பார், ஊர்க்கதை பேசுவார், விலையை மட்டும் குறைக்க மாட்டார். ஒரு வருஷம் அக்கா போனில் அந்த விலையைச் சொன்னபோது, நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம். சும்மா கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தேன். சனிக்கிழமைக்குப் பதில் செவ்வாய்க்கிழமை கிளம்பினால் கணிசமாகக் குறைந்தது. சென்னைக்குப் பதில் பெங்களூரில் இறங்கினால் இன்னும் குறைந்தது. பாரிஸை விட்டுவிட்டு ரயிலில் பிரஸ்ஸல்ஸ் போய் ஏறினால் அதைவிடவும் குறைந்தது. அக்காவுக்கு நம்பவே முடியவில்லை. மாமாவுக்குப் பிடிக்கவில்லை.

"மச்சான், அந்த பிளேனுக்கு ரெண்டு பக்கமும் றெக்கை இருக்கான்னு பாத்தியா?" என்று கேட்டார்.

இருந்தது. பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து டிக்கெட் தேடுவது என் வேலையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, என் மனைவி சீரியல் பார்க்க, நான் லேப்டாப்பில் விலை பார்ப்பேன். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பதற்றம்தான்.

அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் என் திறமைக்குப் பெரிய சோதனை வந்தது. மாப்பிள்ளை வீடு புதுச்சேரியிலேயே. தை மாதம் முகூர்த்தம். அங்கிருந்து வர வேண்டியவர்கள் ஏழு பேர். அக்கா, மாமா, மகள், மகன் என்று நாலு பேர். மாமாவின் தம்பி, அவர் மனைவி, அவர்கள் மகள் என்று மூன்று பேர். மாமாவின் தம்பியை நான் சின்ன மாமா என்பேன். அங்கே பஸ் ஓட்டுகிறார்.

மாமாவும் சின்ன மாமாவும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. இங்கே நெல்லித்தோப்பில் அவர்களுடைய அப்பா கட்டிய வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதை விற்றுவிடலாம் என்பது சின்ன மாமாவின் கட்சி. ரிப்பேர் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்பது மாமாவின் கட்சி. போனில் ஆரம்பித்த சண்டை ஒரு பொங்கல் விழாவில் நாற்காலியை உதைத்துத் தள்ளும் வரைக்கும் போய் நின்றுவிட்டது. பாரிஸில் அவர்கள் இருக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இரண்டு ரயில் நிலையம்தான் தூரம். புருஷன்மார் வேலைக்குப் போனதும் பெண்கள் இருவரும் போனில் பேசிக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு அழைத்ததும் அப்படித்தான்.

ஏழு பேருக்குச் சேர்த்துத் தேடினால் ஒரு ஆளுக்கு எண்பதாயிரத்துக்குக் குறைந்து எதுவும் வரவில்லை. ஒரே ஒரு ஆளுக்குத் தேடினால் அதே விமானத்தில் ஐம்பத்தைந்து. எனக்குத் தலை சுற்றியது. பிறகுதான் புரிந்தது: மலிவு விலையில் இரண்டு மூன்று ஸீட்தான் வைத்திருப்பார்கள். ஏழு கேட்டால் ஏழையும் உசந்த விலைக்குத் தூக்கிவிடுவார்கள். குடும்பத்தைப் பிரிப்பதுதான் வழி. அக்காவும் பிள்ளைகளும் ரவிக்கை தைக்க, பத்திரிகை கொடுக்க என்று முன்னாலேயே வர வேண்டும். அவர்கள் மூன்று பேருக்கும் நேராகச் சென்னைக்கு ஒரு டிக்கெட் போட்டேன். சின்ன மாமாவின் மனைவிக்கும் மகளுக்கும் கொழும்பு வழியாக ஒன்று. மிச்சம் இரண்டு ஆண்கள். இரண்டு பேருக்கும் லீவு தொடங்குவது ஒரே வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மலிவாக ஒரே ஒரு விமானம்தான் இருந்தது. வளைகுடா நாட்டு விமான நிலையம் ஒன்றில் பதினொரு மணி நேரம் காத்திருந்து மாற வேண்டும். இரண்டு ஸீட் மிச்சம் என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. பதறிப் போய் இரண்டையும் போட்டுவிட்டேன்.

சத்தியமாக நான் விலையைத்தான் பார்த்தேன். டிக்கெட்டை அக்காவுக்கு அனுப்பிய ஐந்தாவது நிமிஷம் போன் வந்தது.

"டேய், ஒனக்கு அறிவு கீதா? ரெண்டு பேரையும் ஒரே டிக்கெட்ல போட்டிருக்க!"

"ரெண்டே ஸீட்டுதான்கா இருந்துது."

"அவங்க ரெண்டு பேரும் பேசறதில்லடா. ஒரே டிக்கெட்னா பக்கத்துல பக்கத்துலதான ஒக்காரணும்?"

"ஆமாக்கா."

"எவ்ளோ நேரம்?"

"மொதல்ல ஏழு மணி நேரம். அப்புறம் ஏர்போர்ட்ல பதினொண்ணு. அப்புறம் ஒரு நாலு."

"இருவத்திரெண்டு மணி நேரமா!" என்றாள் அக்கா. மாற்ற முடியுமா என்று கேட்டாள். மாற்றினால் இன்னொரு டிக்கெட் விலை ஆகும் என்றேன். கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள்.

"ரெண்டு பேருகிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா ஒருத்தரு கல்யாணத்துக்கே வரமாட்டாரு. எவருன்னுதான் தெரியல."

அதன்படியே அவரவர் பெயர் உள்ள பக்கத்தை மட்டும் வெட்டி அவரவருக்கு அனுப்பினேன். 

தை பிறந்தது. அக்காவும் பிள்ளைகளும் வந்து எங்கள் வீட்டில் இறங்கினார்கள். சின்ன மாமாவின் மனைவியும் மகளும் வந்து கோரிமேட்டில் தாய் வீட்டில் தங்கினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாரிஸ் விமான நிலையத்திலிருந்து மாமாவின் போன். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒன் தம்பி பக்கத்துல கீறானா?"

"கடைக்குப் போயிருக்கான்" என்றாள் அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டே.

"ஊருக்கு வந்து அவன்கிட்ட பேசிக்கிறேன்னு சொல்லு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேரின் போனும் அணைந்துவிட்டது. அக்கா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. கோபத்தில் ஒருவர் அந்த ஏர்போர்ட்டிலிருந்தே திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். அதற்கு இன்னும் அதிக விலை ஆகும் என்று நான் சொன்னதை அவள் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை. அக்கா இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குடும்ப வாட்ஸப் குழுவில் மாமாவிடமிருந்து ஒரு படம் வந்து விழுந்தது. ஒரு மேஜை, பிளாஸ்டிக் தட்டில் பாதி பன், காகிதக் கப்பில் டீ. கீழே எழுதியிருந்தார்: 'டீ ஏழு யூரோ. கொள்ளை.'

அக்கா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். என் போனைப் பிடுங்கிப் படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"டேய், ரெண்டு கப்பு இருக்குதுடா!"

பார்த்தேன். ஓரத்தில் பாதி தெரிந்தும் தெரியாமலும் இன்னொரு கப்.

"மாமா ரெண்டு டீ குடிச்சிருப்பாரு" என்றேன்.

"ஏழு யூரோ டீய அந்த மனுஷன் ரெண்டு வாங்கிக் குடிப்பாரா? இவ்ளோ வருஷம் கூடக் குடும்பம் நடத்தினவ சொல்றேன், குடிக்க மாட்டாரு."

அக்கா உடனே கோரிமேட்டுக்குப் போன் போட்டாள். இரண்டு பெண்களும் ஒரு காகிதக் கப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். அன்றைக்கு இட்லி கொஞ்சம் கல்லாகிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

வாடகைக்கு ஒரு கார் பேசி நான் மட்டும் சென்னைக்குப் போனேன். வேறு யாரும் கூட வரச் சம்மதிக்கவில்லை. விமானம் நாலு மணிக்கு இறங்கியது. ஐந்து மணி சுமாருக்கு இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். ஒரே தள்ளுவண்டி, அதில் நாலு பெட்டி, மாமா ஒரு கைப்பிடியையும் சின்ன மாமா இன்னொரு கைப்பிடியையும் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் வண்டியை விட்டுவிட்டு என்னைப் பார்த்து நடந்தார்கள்.

"பதினோரு மணி நேரம்!" என்றார் மாமா.

"அதுவும் இரும்பு நாக்காலி" என்றார் சின்ன மாமா.

"ஏசி போட்டுக் கொன்னுட்டானுங்க."

"நீ ஒக்காந்து பாத்தியா அதுல? ஒரு நாளு ஒக்காந்து பாரு."

ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் எடுத்துக்கொடுத்தார். மாமல்லபுரம் தாண்டும் வரை திட்டினார்கள். நான் முன்ஸீட்டில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை. டிரைவர்தான் பாவம், நான் என்ன குற்றம் செய்தேனோ என்று அடிக்கடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நடந்ததைச் சின்ன மாமாதான் சொன்னார். பாரிஸில் கவுன்டரில் இருந்த பெண் இரண்டு பாஸ்போர்ட்டிலும் ஒரே குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு, அண்ணன் தம்பியா என்று கேட்டிருக்கிறாள். இரண்டு பேரும் தலையாட்ட வேண்டியதாகிவிட்டது. நல்ல பெண், பக்கத்துப் பக்கத்து ஸீட் கொடுத்து, சிரித்து வழியனுப்பியிருக்கிறாள். மாமாவுக்கு ஜன்னல் ஓரம். ஏழு மணி நேரத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

"பாத்ரூம் போவணும்னா கைப்பிடியில ரெண்டு தட்டு தட்டுவாரு. நான் எழுந்து வழிவுடுவேன். நாலு தடவ தட்டினாரு."

"சுகரு இருக்கறவனுக்கு ஜன்னல் ஸீட்டு குடுத்தா?" என்றார் மாமா, என்னைப் பார்த்து.

இறங்கிய இடத்தில் சாய்ந்து படுக்கிற மாதிரி ஒரே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்திருக்கிறது. மாமாவின் கைப்பையில் பாஸ்போர்ட், இங்கே வந்து போவதற்கான கார்டு, மாப்பிள்ளைக்கு வாங்கிய கடிகாரம் எல்லாம் இருந்தன. பையை யாராவது பார்த்துக்கொள்ளாமல் தூங்க முடியாது. மாமா கொஞ்ச நேரம் அந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். பிறகு பையைச் சின்ன மாமாவின் மடியில் வைத்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ரெண்டு மணிக்கு எழுப்பு" என்றாராம்.

"யாருகிட்ட சொல்றாருன்னு நான் திரும்பிப் பாத்தேன். பின்னால ஒருத்தரும் இல்ல."

சின்ன மாமா இரண்டு மணிக்கு எழுப்பவில்லை. விடிய விடியப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். மாமா விழித்தபோது ஐந்து மணி.

"ரெண்டு மணிக்குத்தானடா எழுப்பச் சொன்னேன்? நீ எப்ப தூங்கறது? வண்டி ஓட்டறவன் தூங்காம இருக்கலாமா?"

"பொறட்டிப் போட்டாலும் எழுந்திருக்காத மாதிரி தூங்கின. எப்டி எழுப்பறது?"

அப்புறம்தான் டீ. அந்த விலையைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் என் ஞாபகம் வந்திருக்கிறது. மிச்ச நேரம் முழுக்க என்னைப் பற்றித்தான் பேச்சு.

கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டப வாசலில் வருகிறவர்களை வரவேற்க அண்ணனும் தம்பியும் சேர்ந்தே நின்றார்கள். விஷயம் தெரிந்த உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என்னிடம் வந்து, நான் திட்டம் போட்டுச் செய்த காரியம் என்று முதுகில் தட்டினார்கள். இல்லை, விலைக்காகத்தான் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. இரண்டு மூன்று பேருக்குப் பிறகு நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் மாமா என் பைக்கில் ஏறிக்கொள்ள, சின்ன மாமா ஆட்டோவில் வர, நெல்லித்தோப்பு வீட்டைத் திறந்து பார்க்கப் போனோம். மாடிப்படி ஓரம் அரசஞ்செடி முளைத்திருந்தது. பின்பக்கச் சுவரில் ஈரம் ஏறியிருந்தது. இதைப் பார்த்துமா வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் சின்ன மாமா. இதைப் பார்த்துமா விற்க மனசு வருகிறது என்றார் மாமா. குரல் ஏறிக்கொண்டே போனது. ஆறு வருஷத்துப் பாக்கியையும் தெருவில் நின்று பேசினார்கள். எதிர் வீட்டு அம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

"இன்னாங்க ஆச்சு? எதுக்கு சண்டை?"

மாமா அவர் பக்கம் திரும்பினார். "சண்டையெல்லாம் ஒண்ணுமில்லம்மா. பேசிக்கினு கீறோம்" என்றார்.

அன்றைக்கு எதுவும் முடிவாகவில்லை. விற்பதா வைத்துக்கொள்வதா என்பது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பூட்டி வைத்தால் இன்னும் பாழாகும் என்பதில் மட்டும் ஒத்துப்போய், கீழ்ப் பகுதியைச் சரிசெய்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இரண்டு நர்ஸ்கள் குடியிருக்கிறார்கள். தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டால் அந்தப் பெண்கள் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். நான் பாரிஸுக்குப் போன் செய்தால் மாமாவும் சின்ன மாமாவும் சேர்ந்தே லைனில் வந்து, ஆளுக்கொரு மெக்கானிக் பெயரைச் சொல்கிறார்கள்.