குழலில் ஒட்டியிருந்த செம்பு

துப்பாக்கிக் குழலைத் துடைப்பதற்கு என் மகளின் பழைய இடுப்புத் துணிகள்தான் வாகாக இருந்தன. பலமுறை துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட வெள்ளைப் பருத்தித் துணிகள். அதைக் கண்டுபிடித்தவர் என் மாமனார். கொடியிலிருந்து அவரே உருவியெடுத்து, கத்தரிக்கோலோடு என் மடியில் போட்டார்.

"ரெண்டு விரல் சதுரமா வெட்டுமா. குழந்தைக்குத்தான் டயப்பர் வாங்கறோமே."

மாமனார் துணை ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். செவிலிமேட்டில் எங்கள் வீடு. பாலாற்றை ஒட்டி அவருக்குக் கொஞ்சம் வேர்க்கடலை நிலம் இருக்கிறது. காட்டுப்பன்றி வந்து கடலையைத் தோண்டுகிறது என்று பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் எடுத்து ஒரு ரைஃபிள் வைத்திருக்கிறார். தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் திரும்ப வாங்கி வந்தார். அன்றிலிருந்து ஒரே புலம்பல். குறி தப்புகிறதாம்.

தோட்டாவின் மேல் மெல்லிய செம்பு போர்த்தியிருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அதில் கொஞ்சம் குழலின் உள்வரிகளில் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். வருடக்கணக்கில் எடுக்காமல் விட்டால் தோட்டா நேராகப் போகாது. அதைக் கரைக்கிற மருந்தில் அம்மோனியா இருக்கிறது. மாமனாருக்கு வீசிங் தொந்தரவு.

"கெமிஸ்ட்ரி படிச்சவதானே நீ? மூணு வருஷம் படிச்சது ஒரு வேலைக்காவது ஆவட்டும்" என்றார்.

மகள் தூங்கும் மத்தியான நேரத்தில், பின்பக்கம் துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து செய்தேன். அப்பா வீட்டில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிய கை என்பதால், துணியைத் துடைக்கிற கம்பியின் நுனியில் இறுக்கமாகச் சுற்ற எனக்கு வந்தது. பின்பக்கத்திலிருந்து நுழைத்து வாய்ப்பக்கம் தள்ள வேண்டும். முதலில் வெடிமருந்துக் கரி வந்தது. பிறகு மருந்தில் நனைத்த துணியைத் தள்ளி, கால் மணி நேரம் விட்டு, உலர்ந்த துணியைத் தள்ளினேன். நீலமாக வந்தது. காலேஜ் லேபில் செம்பு உப்போடு அம்மோனியாவைச் சேர்த்தால் சோதனைக் குழாயில் வரும் அதே நீலம்.

மூன்று நாளாகியும் நீலம் நிற்கவில்லை. பிறகுதான் புரிந்தது, குழலுக்குள் தேய்க்க மாமனார் கொடுத்த பிரஷ் வெண்கலம், அதிலேயே செம்பு இருக்கிறது. நைலான் பிரஷ்ஷுக்கு மாறிய பிறகு, ஐந்தாம் நாள் துணி வெள்ளையாக வந்தது. எண்ணெய் போட்டுக் கொடுத்தேன். மாமனார் குழலை வானத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார்.

"பரவால்ல."

ஒவ்வொரு நாளும் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். அப்படியும் நகக்கண்ணில் நெடி இருக்குமோ என்று மகளைத் தூக்கப் பயமாக இருக்கும்.

அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. என்னிடம் பால் வற்றிவிட்டது. பின்தெருவில் இருந்த ஓர் அம்மா தன் மாட்டுப் பாலைக் கொண்டுவந்து கொடுப்பார். அவருக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான். நெற்றியில் வெள்ளைத் திட்டு. மாடு எங்கள் சந்து வழியாகப் போகும்போதெல்லாம் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ம்மா, ம்மா" என்பாள். வேறு பால் கொடுத்தால் துப்பிவிடுவாள்.

துப்பாக்கியைத் துடைத்துக் கொடுத்து ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் காலையில் பால் வரவில்லை. பத்து மணிக்கு அந்த அம்மா வெறுங்கையோடு வந்தார்.

"மாடு செத்துப்போச்சுமா. ஆத்தங்கரையில விழுந்து கெடக்குது. தோள்ல ஓட்டை."

மாமனார் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "கடலையில மேய விட்டிருப்பே."

"கட்டியிருந்த முளைக்குச்சியப் புடுங்கிக்கினு போயிடுச்சு ஐயா."

"கொக்கு சுடறவன் எவனாவது சுட்டிருப்பான்."

"அவுங்க சுட்டா பொட்டுப் பொட்டா நெறைய ஓட்டை இருக்குமாமே. மாட்டு டாக்டர் பாத்துட்டுச் சொன்னாரு. இது ஒரே ஓட்டை ஐயா."

"அப்ப டாக்டரையே போயிக் கேளு."

அவர் போனதும் மாமனார் ரைஃபிளைக் கொண்டுவந்து துவைக்கிற கல்மேல் வைத்தார். "சும்மா ஒரு வாட்டி இழுத்து வுடு. தூசியா இருக்குது."

சுட்டீர்களா மாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். முதல் துணி கறுப்பாக வந்தது. மருந்து போட்ட பின் நீலம். என் கையில் இருந்தது நைலான் பிரஷ்.

ஒரகடம் கம்பெனியில் வேலையில் இருந்த கணவருக்குப் போன் செய்து, கரியும் நீலமும் வந்ததைச் சொன்னேன்.

"பிரஷ்ஷா இருக்கும்பா. நீதானே சொன்ன, அதுலேந்தே நீலம் வரும்னு."

"அது வெண்கல பிரஷ்ங்க. இது நைலான்."

"அப்ப போன வாட்டி அடியில மிச்சம் இருந்திருக்கும். உனக்கு நிச்சயமாத் தெரியுமா? இந்த வயசுல அப்பாவ கோர்ட்டுக்கு இழுக்கணுமா?"

மிச்சம் இருந்திருக்கலாம்தான். அப்படி நடப்பது உண்டு. கரி எப்படி வந்தது என்பதற்கு மட்டும் அவர் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நிச்சயமாகத் தெரியாத ஒன்றைச் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலையைச் செய்தேன். அரைகுறையாகவாவது செய்திருக்கலாம். செய்முறைத் தேர்வு மாதிரி இரண்டு நாள் உட்கார்ந்து, துணி வெள்ளையாகும்வரை எடுத்தேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மா ஒரு போலீஸ்காரரோடு வந்தார். போலீஸ்காரருக்கு நாற்காலி போட்டார்கள். அந்த அம்மா கேட்டருகே நின்றார். மாமனார் ரைஃபிளை எடுத்து வந்தார்.

"எலக்‌ஷனுக்கு அப்புறம் இதை நான் தொடவே இல்ல. சுட்டிருந்தா செம்பு ஒட்டியிருக்கும், துணியில நீலமா வரும். என் மருமக கெமிஸ்ட்ரி படிச்சவ. அவளே காட்டுவா."

நான் மருந்துத் துணியைத் தள்ளினேன். கால் மணி நேரம் காத்திருந்தோம். அவர்கள் டீ குடித்தார்கள். பின்தெருவில் கன்றுக்குட்டி கத்திக்கொண்டே இருந்தது. உலர்ந்த துணியைத் தள்ளினேன். வெள்ளை.

மாமனார் அதை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"பாத்துக்கோ. உன் மாட்டுப் பால் கூட இவ்ளோ வெள்ளையா இருந்ததில்ல. அத்தனையும் தண்ணி."

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கமா. சுட்ட துப்பாக்கியா இது?" என்றார்.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கவரில் நீலத் துணிகள் அத்தனையும் இருந்தன. பத்தடி தூரம்தான்.

"துணி வெள்ளையா இருக்குதே சார்" என்றேன்.

அவர் எழுந்து ஹெல்மெட்டை எடுத்தார். அதற்குள் என் மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து, "ம்மா, ம்மா" என்று அந்த அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். தூக்குவதற்காகப் போனேன். அந்த அம்மா என் கையைப் பார்த்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"கைய நல்லா கழுவிட்டுத் தூக்குமா. இந்த மருந்து நாத்தம் நேத்து சந்துல போறப்பவும் அடிச்சுது. முந்தாநாளும் அடிச்சுது."

மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் புடவையிலிருந்து எடுத்துவிட்டு நடந்தார். அப்போதும் கூப்பிட்டிருக்கலாம். கேட் வரைக்கும் போனேன். போலீஸ்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

மாமனார் மீதி டீயைக் குடித்து முடித்தார். ரைஃபிளை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"குழல் பழையபடி இருந்திருந்தா தோட்டா பத்தடி தள்ளிப் போயிருக்கும். நல்லாத்தான் எடுத்திருக்கே" என்றார்.

கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் என் வேலையை அவர் நல்லா இருக்கிறது என்று சொன்னது அன்றுதான். கவரை அடுப்பங்கரைக்குப் பின்னால் கொண்டுபோய் எரித்தேன்.

பாக்கெட் பாலை மகள் மூன்று நாள் துப்பினாள். நான்காம் நாள் குடித்தாள்.